பதினைந்து வயது மகனின் எடை: அவனுக்கே ஆர்வம் வர என்ன செய்யலாம்?

கேள்வி: மதுரைத் தாய்

பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகனுக்கு வயது 15. உயரம் 165 சென்டிமீட்டர், எடை 86 கிலோ. பள்ளி விட்டதும் நேராக டியூஷனுக்குச் செல்பவன், இரவு ஒன்பது மணிக்குப் பெரும்பசியோடு வீடு திரும்பிப் பரோட்டாவோ ஃப்ரைட் ரைஸோ கேட்கிறான். சென்ற ஆண்டு வரை தெருவில் கிரிக்கெட் ஆடினான். ஓட முடியாததால் யாரும் தன் அணியில் சேர்ப்பதில்லை என்று அதையும் விட்டுவிட்டான். பந்தியில் யாராவது அவன் இலையைப் பார்த்து ஏதேனும் சொல்லிவிடுவதால், உறவினர் வீட்டு விசேஷங்களுக்கும் வருவதில்லை. கழுத்தின் பின்புறம் கறுத்திருக்கிறது, தேய்த்துக் குளித்தாலும் போவதில்லை. ஜிம்மில் சேர்த்துவிடலாம் என்கிறார் அவன் தந்தை. அவனோ, எடையைப் பற்றிப் பேச்செடுத்தாலே அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறான். எடையைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் அவனுக்கே வர நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: குழந்தைகள் நல மருத்துவர்

அம்மா, அந்தக் கறுப்பு அழுக்கு அன்று. இன்சுலினுக்கு உடல் சரிவர இணங்காதபோது கழுத்திலும் அக்குளிலும் தோல் அவ்வாறு தடித்துக் கறுப்பதுண்டு. ஆகவே இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் ஆகியவற்றுக்கான பரிசோதனைகளைத் தள்ளிப்போடாதீர்கள். உயரத்துக்கேற்ற எடையா என்று காட்டும் உடல் நிறை குறியீடு (பி.எம்.ஐ.) அவனுக்கு 31-ஐத் தாண்டுகிறது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2015-ஆம் ஆண்டு வளர்ச்சி அட்டவணைப்படி இது உடற்பருமன்தான். தைராய்டாக இருக்குமோ என்று பல பெற்றோர் கேட்பார்கள். வயதுக்கேற்ப உயரம் கூடிவரும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அது காரணமாக இருப்பதில்லை. அவன் இன்னும் உயரக்கூடிய வயதினன் என்பதால், எடை மேலும் ஏறாமல் நிற்பதையே முதல் இலக்காகக் கொள்ளலாம். பட்டினி போடும் உணவுமுறைகளும், இளைப்பதற்கென்று விற்கும் மாவுகளும் வேண்டவே வேண்டாம்.

பதில்: திருச்சி வாசகி

பதின்வயதில் உங்கள் மகனைப் போலவே இருந்தவள் நான். அக்கறையில் சொல்வதாக நினைத்து உறவினர் பேசும் ஒவ்வொரு சொல்லும் என்னைச் சமையலறைக்குத்தான் அனுப்பியது. யாரும் பார்க்காத நேரத்தில் அள்ளி அள்ளித் தின்றேன். இது என் ஒருத்தியின் அனுபவம் மட்டுமன்று. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதின்வயதினரைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, எடைக்காகக் கேலிக்கு ஆளானவர்களிடையே பின்னாளில் உடற்பருமன் கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள். எனவே அவன் உடம்பைப் பற்றி இனி யாரும் பேசக்கூடாது என்று பெரியப்பா, அத்தை உட்பட அனைவரிடமும் நீங்களும் உங்கள் கணவரும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். எனக்கு ஆர்வம் பிறந்தது, தோழிகளோடு மலைக்கோட்டைப் படிகளை நிற்காமல் ஏறிவிட வேண்டும் என்ற ஆசையால்தான்; எடைபார்க்கும் கருவி அதற்கு எவ்விதத்திலும் உதவவில்லை. உங்கள் மகனுக்குக் கிரிக்கெட் இருக்கிறது. மறுபடி ஆட ஆசையா என்று மட்டும் கேளுங்கள், அவன் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்டுக்கொள்ளுங்கள், அறிவுரையை அன்றைக்குத் தொடங்காதீர்கள்.

பதில்: உடற்கல்வி ஆசிரியர்

இந்த வயதினருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பத்தாம் வகுப்பில் எங்கள் விளையாட்டு வேளையைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்வது பல பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். பெற்றோர் கேட்டால்தான் அது மாறும். டியூஷனுக்குச் சைக்கிளில் போகட்டும். செல்லும் முன் சுண்டலோ அவித்த முட்டையோ உண்டால், ஒன்பது மணிப் பசி அவ்வளவு கடுமையாக இராது. குளிர்பான பாட்டில் வீட்டுக்குள் வரவே வேண்டாம். அவனுக்கென்று தனிச் சமையலும் வேண்டாம், எல்லோருக்கும் ஒரே உணவாக இருக்கட்டும். பேட்டிங் செய்ய உடனே ஓட்டம் தேவையில்லை. ஞாயிறு காலையில் ஒரு நண்பனோ அவன் தந்தையோ பந்து வீசினால் போதும், மூச்சு நாளடைவில் பழகிவிடும். ஜிம்மில் சேர்ப்பதை அவனே வாய்விட்டுக் கேட்கும் வரை ஒத்திவையுங்கள்.