மித்ரனின் ஓகேயூ கார்டு: செந்தூல் குடும்பக் குழு

மாலா: தேவி அக்கா, என் பையன் மித்ரனின் ஓகேயூ கார்டு (மாற்றுத்திறனாளி அட்டை) மனுவை சமூகநல ஆபீஸில் நிராகரித்துவிட்டார்கள். பள்ளி திறப்பதற்குள் கிடைக்கும் என்று நம்பியிருந்தோம்.

குமார் மாமா: கவலைப்படாதே மாலா. ஒய்பியிடம், அதான் நம் தொகுதி மக்கள் பிரதிநிதியிடம், ஒரு கடிதம் வாங்கிக் கொடு. மாதம் 500 ரிங்கிட் தன்னால் வரும்.

தேவி: மாமா, அந்த 500 படுத்த படுக்கையாய் இருப்பவர்களைப் பராமரிக்க. நம் பையன் அலமாரி மேல் ஏறி உட்காருகிறவன். ஒய்பி கடிதம் எழுதலாம், டாக்டர் நிரப்பும் பகுதியை அவரால் நிரப்ப முடியாதே! மாலா, காரணம் என்ன?

மாலா: மருத்துவ விவரம் போதாதாம். கிளினிக்கில் 'பேச்சுத் தாமதம்' என்று மட்டும் எழுதினார்கள். அப்புறம்தான் துங்கு அசிசா மருத்துவமனையில் ஆட்டிசம் என்றார்கள்.

தேவி: அப்படியானால் அப்பீலுக்கு வழி இருக்கிறது. ஓகேயூ கார்டுக்கு மொத்தம் 7 பிரிவுகள். பேச்சு ஒரு பிரிவு, ஆட்டிசம் கற்றல் குறைபாட்டுப் பிரிவு. குழந்தை மருத்துவ நிபுணரிடமே அந்தப் பகுதியைப் புதிதாக நிரப்பக் கேள். நோயின் பெயரோடு நிற்கக்கூடாது. 2008 மாற்றுத்திறனாளிகள் சட்டம் நீண்டகாலக் குறைபாட்டையும், அதனால் சமூகத்தில் முழுமையாகப் பங்கெடுக்க முடியாமல் போவதையும் சேர்த்துத்தான் பார்க்கிறது. தானாகச் சாப்பிடுகிறானா, கழிவறைக்குப் போகச் சொல்லத் தெரிகிறதா, சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறானா, எல்லாம் வரட்டும். தெரபி ரிப்போர்ட்டையும் பாலர் பள்ளி டீச்சர் எழுதிய ஒரு பக்கத்தையும் சேர்.

சரசு அத்தை: கார்டு வாங்கினால் நாளைக்கு யாராவது பெண் கொடுப்பார்களா?

தேவி: ஆறு வயதுப் பையனுக்கு இப்போதே பெண் பார்க்கிறீர்களா அத்தை! சிறப்புக் கல்வி வகுப்பில் சேர்ந்தால் கல்வி அமைச்சு மாதம் 150 ரிங்கிட் தருகிறது. கார்டு இருந்தால் வருமான வரியில் பிள்ளைக்கான கழிவும் கூடும். 2025 வரி ஆண்டிலிருந்து அது 8,000 ரிங்கிட்.

சரசு அத்தை: எட்டாயிரமா? சரி சரி, வாங்கு.

மாலா: கடிதத்தில் எங்கள் கஷ்டத்தையெல்லாம் எழுதவா அக்கா?

தேவி: அரைப் பக்கம் போதும், மலாயில். எந்த மனு, எந்தத் தேதி, என்ன காரணம் சொன்னார்கள், இப்போது புதிதாக என்ன ரிப்போர்ட் இணைத்திருக்கிறாய். கண்ணீர் வேண்டாம். உன்னிடம் இருக்கும் நகலில் ஆபீஸ் சாப்பு (முத்திரை) போட்டுத் தரச் சொல்லிக் கேள், வாங்காமல் கிளம்பாதே.

குமார் மாமா: மலாய்க் கடிதத்தை என்னிடம் விடு. ஐந்தாம் படிவ எஸ்பிஎம் தேர்வில் மலாய்க்கு ஏ வாங்கியவன் நான்.

தேவி: டைப் செய்யுங்கள் மாமா. உங்கள் கையெழுத்துக்கே தனி மனு போட வேண்டியிருக்கும்.

மாலா: வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கிறேன். ரிப்போர்ட் வந்ததும் மாமாவுக்கு அனுப்புகிறேன்.