கார்டன் சிட்டிக்குத் தமிழ்: தோட்ட நகரமா, விளைநகரா?

அன்புள்ள அனைவருக்கும்,

நகரமைப்புப் பாடத்தின் மொழிபெயர்ப்பை வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் 'கார்டன் சிட்டி' வருகிறது. அதற்குத் தமிழில் என்ன போடுவது என்று இந்தக் குழுவில் மூன்று நாளாக எல்லாரும் பேசியதைப் படித்துவிட்டேன். என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

> பூங்கா நகரம் என்று போட்டால் எல்லாருக்கும் புரிந்துவிடும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். சென்னையில் ஏற்கெனவே ஒரு பூங்காநகர் ரயில் நிலையத்தோடு இருக்கிறது. கார்டன் சிட்டி என்ற எண்ணத்தை முன்வைத்த ஆங்கிலேயர் எபனேசர் ஹோவர்ட் 1898-இல் எழுதியது பூச்செடி வைத்த ஊரைப் பற்றி அல்ல. மொத்தம் 6,000 ஏக்கர், அதில் நடுவே 1,000 ஏக்கர்தான் ஊர், சுற்றி 5,000 ஏக்கரும் விவசாயத்துக்கு. 32,000 பேர் சேர்ந்ததும் ஊர் வயலுக்குள் இறங்கக் கூடாது. வயலுக்கு அப்பால் இன்னோர் ஊர் தொடங்க வேண்டும். நிலம் தனியாருக்குச் சொந்தமில்லை, எல்லாருக்கும் பொதுவாக அறங்காவலர் கையில் இருக்கும். வாடகையாக வருவது ஊருக்கே திரும்பும். 1903-இல் இங்கிலாந்தின் லெட்ச்வொர்த்தில் கட்டத் தொடங்கியது இந்தக் கணக்கை நம்பித்தான். ஊருக்குள் பூங்காவும் உண்டுதான், ஆனால் இந்தக் கணக்கில் பூங்காவா முக்கியம்?

தக்கலை அக்கா சொன்ன 'தோட்ட நகரம்' இதைவிட நல்லது. ஆனால் என் வகுப்பில் கீரிப்பாறைப் பக்கத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தோட்டம் என்றால் ரப்பர் தோட்டம். தோட்ட நகரம் என்றதும் பால்வெட்டுத் தொழிலாளர் குடியிருப்பைத்தான் நினைப்பார்கள்.

அண்ணாச்சி, தோட்டத்தைத் 'தொடு'வில் இருந்து கொண்டுவந்து, தொடுதல் என்றால் தோண்டுதல், தோண்டினால் கிணறு, கிணறு இருந்தால் தோட்டம் என்று நீங்கள் எழுதிய மடலை இரண்டு முறை படித்தேன். எனக்கும் அது பிடித்த வழிதான். சிலப்பதிகாரத்துப் புகாரில் மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவே சோலையில் நாளங்காடி இருந்ததால் இந்த எண்ணமே நம்முடையது என்கிறீர்களே, அங்கேதான் என்னால் கூட வர முடியவில்லை. அது ஊருக்குள் இருந்த சோலை, அதில் நடந்தது சந்தை. ஹோவர்ட் கேட்டது ஊரைச் சுற்றிய உழவு நிலம்.

சரி, என் சொல் 'விளைநகர்'. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் நிலத்தை வயல் என்றும் விளை என்றும்தானே பிரிக்கிறோம்? தென்னை, வாழை, மரச்சீனி (மரவள்ளி), பனை எல்லாம் நிற்கிற மேட்டுநிலம் விளை. பெருவிளை, கட்டையன்விளை, மாடத்தட்டுவிளை என்று ஊர்ப்பெயரிலேயே ஒட்டிக்கொண்ட சொல். வீடும் மரமும் பயிரும் பிரியாமல் இருப்பதை இதைவிட நன்றாக எந்தச் சொல் சொல்லும்? ஜப்பானியரும் வெறும் தோட்டம் என்று போடவில்லை. வயலுக்கு ஓர் எழுத்து, தோட்டத்துக்கு ஓர் எழுத்து, இரண்டையும் சேர்த்துத்தான் பெயர் வைத்தார்கள்.

> தஞ்சாவூரில் 'விளை' வெறும் வினைச்சொல். வகுப்பில் காதால் கேட்கிறவனுக்கு 'விலைநகர்' என்றே விழும்.

இந்த மறுப்பு என்னை யோசிக்க வைத்தது. நிலத்தை விற்கவே கூடாது என்ற திட்டத்துக்கு, மனை விற்கிற ஊர் மாதிரிக் கேட்கும் பெயர் கெடுதல்தான். ஆனாலும் ளகரத்தைச் சரியாகச் சொல்லிக் கொடுப்பதும் ஆசிரியர் வேலைதானே? ஒரு வட்டாரத்துச் சொல் என்பதற்காகவே அதைத் தள்ளிவிட்டால், பிறகு கலைச்சொல்லுக்கு நாம் எங்கே போவோம்? நிகண்டுக்குள் மட்டும்தான் போக முடியும். இங்கே சிலர் சொன்ன 'பொழில்நகர்' அப்படி வந்ததுதான். அழகாக இருக்கிறது, ஆனால் பொழிலில் யாரும் மரச்சீனி நடுவதில்லை.

இதுவரை எழுதியவர்களில் ஏழு பேர் தோட்ட நகரம், இரண்டு பேர் பொழில்நகர், விளைநகருக்கு நானும் திருவட்டாறு தம்பியும். ஆகவே பாடத்தில் தோட்ட நகரம் என்றே போடுகிறேன். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் அடைப்புக்குள் விளைநகர் இருக்கும். அதை எடுக்கச் சொல்லாதீர்கள்.

அப்புறம், ஊரைச் சுற்றி வரும் 'கிரீன் பெல்ட்'. பசுமை வளையம் என்று எழுதியிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. பச்சையாக இருப்பது மட்டும் போதாதே, அங்கே பயிர் விளைய வேண்டும். விளவங்கோட்டுப் பக்கம் வயல்வெளியை ஏலா என்பார்கள். ஏலாவை வைத்து ஏதாவது அமையுமா? வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.