வெறும் வயிற்றில் 98: குடல் பாக்டீரியாவைச் சரிசெய்தால் இறங்குமா?

முதல்மழை:
எனக்கு 26ஆவது வாரம் நடக்கிறது. 75 கிராம் குளுக்கோஸ் குடித்துப் பார்த்த டெஸ்டில் வெறும் வயிற்றில் 98, ஒரு மணி நேரம் கழித்து 171, இரண்டு மணி நேரம் கழித்து 146. கர்ப்பகாலச் சர்க்கரை என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சர்க்கரை கிடையாது, நானும் இனிப்பு அதிகம் சாப்பிடுகிறவள் இல்லை. பயத்தில் மாவுச்சத்தையே நிறுத்திவிட்டேன், இரண்டு நாளாகத் தலை சுற்றுகிறது. குடலில் நல்ல பாக்டீரியா குறைந்தால்தான் இது வரும் என்று படித்தேன். நல்ல பாக்டீரியா அடங்கிய ப்ரோபயாடிக் மாத்திரை வாங்கிப் போடலாமா?

வேப்பம்பூ:
தங்கச்சி, முதலில் மாவுச்சத்தை மறுபடி சாப்பிட ஆரம்பியுங்கள். தலைசுற்றலை இன்றைக்கே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

எனக்கு இரண்டு பிரசவத்திலும் சர்க்கரை இருந்தது. இந்த டெஸ்டில் 92, 180, 153 என்ற மூன்றில் ஒன்றைத் தொட்டாலே சர்க்கரை என்பார்கள். உங்களுக்கு முதல் எண் மட்டும்தான் தாண்டியிருக்கிறது. நீங்கள் தப்பாக எதையும் சாப்பிட்டதால் வந்ததில்லை இது. நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை மந்தமாக்கும். அதை ஈடுகட்டும் அளவுக்குச் சிலருக்கு இன்சுலின் சுரக்காது.

குடல் விஷயம் பொய்யில்லை. 2012இல் வந்த ஓர் ஆய்வில் கடைசி மூன்று மாதத்துக் கர்ப்பிணிகளின் குடல் பாக்டீரியாவை எலிகளுக்குச் செலுத்தினார்கள். முதல் மூன்று மாதத்து பாக்டீரியா பெற்ற எலிகளைவிட அவற்றுக்குக் கொழுப்பு கூடியது, இன்சுலினும் சரியாக வேலை செய்யவில்லை. ஆனால் குடல் பாக்டீரியாவில் அந்த மாற்றம் சர்க்கரை இல்லாத கர்ப்பிணிகளிடமும் இருந்தது, அதனால் சர்க்கரைக்கு அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. மாத்திரையா? ஆஸ்திரேலியாவில் உடல் எடை கூடிய 400க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2019இல் முடிவு வந்தது: சர்க்கரை வருவதை அது தடுக்கவில்லை. 2021இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ப்ரோபயாடிக் எடுத்தவர்களுக்குக் கர்ப்பகால ரத்தக் கொதிப்பு நோய் கூடலாம் என்றும் தெரிந்தது. டாக்டரைக் கேட்காமல் தயவுசெய்து வாங்காதீர்கள்.

எனக்குப் பாடம் சொன்னது, வீட்டில் விரலில் குத்திப் பார்த்த சர்க்கரை எண்களை எழுதிவைத்த என் நோட்டுப் புத்தகம்தான். ஆப்பிளை ஜூஸாகக் குடித்த அன்று ஒரு மணி நேரம் கழித்து 161. அதே ஆப்பிளைத் தோலோடு, ஒரு கைப்பிடி பாதாமோடு மென்று தின்ற அன்று 122. (விரல் நுனியில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள், வலி குறையும்.) சாப்பிட்டதும் பதினைந்து நிமிடம் நடந்தால் இன்னும் நன்றாக இறங்கியது.

ஆனால் வெறும் வயிற்று எண் எதற்கும் மசியவில்லை. 96, 99, 97. இரவெல்லாம் கல்லீரல் விடும் சர்க்கரை அது, பகலில் என்ன சாப்பிட்டாலும் பெரிதாக மாறாது. இரண்டாவது பிரசவத்தில் 30ஆவது வாரத்திலிருந்து இரவில் இன்சுலின் போட்டேன். முதல் ஊசி போட்ட அன்று தோற்றுப்போன மாதிரி அழுதேன். அந்த இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போவதில்லை என்று அன்றைக்கே யாராவது சொல்லியிருக்கலாம்.

பச்சைத்தட்டு:
உணவியல் ஆலோசகராக இருக்கிறேன். வேப்பம்பூ சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கர்ப்பத்தில் ஒரு நாளைக்கு 175 கிராம் மாவுச்சத்தாவது வேண்டும். அதை ஒரே வேளையில் சாப்பிடாமல் பிரித்துச் சாப்பிடுங்கள். நார்ச்சத்து 28 கிராம். பருப்பு, முழுத்தானியம், காய்கறியில் உள்ள நாரைத்தான் குடல் பாக்டீரியா உண்டு, குடல் சுவருக்கு உணவாகும் கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகிறது. ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு உப்பும். இரும்புச்சத்து மாத்திரையால் ஏற்கெனவே மலச்சிக்கல் இருக்கலாம், அதனால் தண்ணீரும் சேர்த்துக் கூட்டுங்கள்.

முதல்மழை:
அக்கா, படித்துவிட்டு அழுதுவிட்டேன். டாக்டரிடம் பேசினேன். காலையில் முழுதானிய ரொட்டி, முட்டை, காய்கறி சாப்பிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து 128. தலைசுற்றலும் இல்லை. குழந்தை பிறந்ததும் இது போய்விடுமா?

வேப்பம்பூ:
128 நல்ல எண், 140க்குள் இருந்தால் போதும். பெரும்பாலும் பிறந்ததும் இறங்கிவிடும். ஆனால் 4 முதல் 12 வாரத்துக்குள் அதே 75 கிராம் டெஸ்டை மறுபடி எடுக்க வேண்டும். தூக்கமில்லாத நாட்களில் நானே மறந்துவிட்டேன். இப்போதே நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.