இன்டர்ஃபேஸ், ஜி1, எஸ், ஜி2: தமிழில் என்ன சொல்லலாம்?

ஐயாவுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். செல் பிரிவுச் சுழற்சியின் கட்டங்களுக்குத் தமிழ்ப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம். ஒரு பிரிவுக்கும் அடுத்த பிரிவுக்கும் இடைப்பட்ட காலம் இன்டர்ஃபேஸ். அதற்குள் ஜி1, டி.என்.ஏ. நகலாகும் எஸ், ஜி2 என்று வரிசையாக மூன்று கட்டங்கள். ஐயா கேட்டிருந்தார்:

> 'ஓய்வுநிலை' என்பது தவறான சொல். இன்டர்ஃபேஸ் முழுவதையும் 'வளர்நிலை' என்று சொல்லிவிடலாமே?

'ஓய்வுநிலை'யைத் தூக்கிவிடலாம், அதில் மறுபேச்சில்லை. நுண்ணோக்கியில் குரோமோசோம்கள் தடித்துத் தெரியும் நேரத்தை மட்டும் கண்டவர்கள், மற்ற நேரத்தில் செல் சும்மா இருக்கிறது என்று எண்ணியதால் வந்த பெயர் அது. ஆய்வகத்தில் வளரும் மனிதச் செல் ஒரு சுற்று முடிக்க ஏறக்குறைய 24 மணி நேரம் ஆகிறது. அதில் பிரிவதற்குச் செலவாவது ஒரு மணி நேரம்தான்.

ஆனால் 'வளர்நிலை' ஒத்துவராது, ஐயா. தவளைக் கருவைப் பாருங்கள். முட்டை ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். முதல் பிரிவுக்கு அப்புறம் சுமார் அரை மணிக்கு ஒரு தடவை பிரிந்துகொண்டே போகிறது. 4096 செல்கள் ஆகும்போதும் கருவின் மொத்தப் பருமன் முட்டையின் பருமன்தான். செல்கள்தான் சுற்றுக்குச் சுற்று சிறுத்துப்போகின்றன. இன்டர்ஃபேஸ் உண்டு, வளர்ச்சி இல்லை. ஆகவே பொதுப்பெயருக்கு 'இடைநிலை'யே இருக்கட்டும். இலங்கைப் பாடநூல்களின் 'இடையவத்தை'யும் நல்ல சொல்தான். என்ன, தமிழ்நாட்டு மாணவர் 'அவத்தை' என்றதும் 'அவஸ்தை'யை நினைத்துச் சிரிப்பார்.

'வளர்' என்ற வேர் பொருந்துவது ஜி1-க்கு. இதற்கு 'இடைவெளி-1' என்று முன்வைத்திருக்கிறார்கள். 1953-இல் ஹோவர்ட், பெல்க் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு வகை அவரையின் வேர்நுனியில் கதிரியக்கப் பாஸ்பரஸைச் செலுத்திப் பார்த்தார்கள். டி.என்.ஏ. உருவாவது இடைநிலையின் நடுவே ஒரு குறிப்பிட்ட நேரத்தில்தான் என்று தெரிந்தது. முன்னும் பின்னும் இருந்ததை 'இடைவெளி' (gap) என்ற பொருளில் ஜி என்ற எழுத்தால் குறித்தார்கள். அன்றைக்கு அது சரி. இன்று நமக்கு அங்கே நடப்பது தெரியும்: புரதம் செய்யும் ரைபோசோம்கள் பெருகுகின்றன, புரதங்கள் குவிகின்றன, செல் பருக்கிறது, வெளியிலிருந்து வளர்ச்சிச் சமிக்ஞை வருகிறதா, ஊட்டம் போதுமா என்று பார்க்கிறது. பாலூட்டிகளின் செல், ஜி1-இன் பிற்பகுதியில் ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால், பிறகு வளர்ச்சிச் சமிக்ஞையை நிறுத்தினாலும் பின்வாங்குவதில்லை. சுற்றை முடித்தே தீரும். இவ்வளவு நடக்கும் இடத்தை 'இடைவெளி' என்று மொழிபெயர்த்து வைப்பானேன்? 'வளர்கட்டம்' என்போம். வினைத்தொகை.

எஸ் கட்டத்துக்கு வந்த 'படியெடுப்புக் கட்டம்' வேண்டாம். டி.என்.ஏ.-விலிருந்து ஆர்.என்.ஏ. எழுதப்படுவதைப் 'படியெடுத்தல்' என்று பாடநூல்களில் படித்துவிட்டார்கள், இரண்டும் குழம்பும். எஸ் என்பது synthesis-இன் முதலெழுத்து. அதை அப்படியே பெயர்த்துத் 'தொகுப்புக் கட்டம்' என்றால் எதைத் தொகுப்பது? 'இரட்டிப்புக் கட்டம்' எனக்குப் பிடித்திருக்கிறது. மனிதச் செல்லில் சுமார் 600 கோடி கார இணைகள் (ஏணிப்படிகள் போன்றவை) கொண்ட டி.என்.ஏ., சுமார் எட்டு மணி நேரம் நீளும் இந்தக் கட்டத்தில் ஒரே ஒரு முறை இரட்டிக்கிறது. ஆயிரக்கணக்கான இடங்களில் தொடங்கினாலும் எந்தப் பகுதியும் இரண்டாம் முறை நகலாகக் கூடாது. டி.என்.ஏ. தன்னைச் சுற்றிக்கொள்ளும் ஹிஸ்டோன் புரதங்களும் உடனுக்குடன் தயாராக வேண்டும். பிரிவின்போது குரோமோசோம்களை இழுக்கும் இழைகளை அமைக்கும் சென்ட்ரோசோம் இரட்டிப்பதும் இந்தச் சமயத்தில்தான் என்பதால் சொல் இன்னும் நன்றாகப் பொருந்துகிறது.

ஜி2-விலும் செல் வளர்கிறதே என்று அக்கா கேட்டது நியாயம். வளர்கிறது. ஆனால் அங்கே தலையாய வேலை, இரட்டிப்பு முழுதாக முடிந்ததா, டி.என்.ஏ.-வில் சேதம் உண்டா என்று பார்த்துப் பிரிவுக்கு அணியமாவது. 'ஆயத்தக் கட்டம்' போதும்.

செல் சுழற்சியை விட்டு வெளியே நிற்கும் ஜி0-க்கு மறுபடியும் 'ஓய்வு' நுழைவதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். நரம்புச் செல் சுழற்சியை விட்டு வெளியேறியதுதானே ஒழிய, ஓய்வெடுக்கவில்லை. கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டினால் மீதிச் செல்கள் சுழற்சிக்குத் திரும்பி வந்து பிரிகின்றன. போகவும் வரவும் இடம்தரும் சொல்லாக 'விலகுநிலை'யை வைக்கிறேன்.

செக்பாயின்ட்டுக்குச் 'சோதனைச்சாவடி' என்று ஒருவர் எழுதியிருந்தார். கேட்டதும் விளங்குகிறது, ஆனால் சாவடி என்றால் ஓர் இடம். செல்லுக்குள் அப்படி இடம் எதுவும் இல்லை. புரதங்கள் சேர்ந்து சுழற்சியை நிறுத்திப் பிடிக்கும் ஏற்பாடு அது. 'சரிபார்ப்பு நிறுத்தம்' எப்படி? சேதம் இருந்தால் நிறுத்தும், சீரானால் விடும் என்பதில் பாதியையாவது அது சொல்கிறது. மீதிப் பாதிக்கு யாரிடமாவது சொல் இருந்தால் எழுதுங்கள்.