மிக்ஜாமுக்குப் பிறகு எங்கள் மெயில் சர்வர் கிளவுடுக்குப் போனது

வேளச்சேரியில் எங்கள் கூடத்து அலமாரியில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில், மின்னஞ்சலை அனுப்பி வாங்கும் போஸ்ட்ஃபிக்ஸும், அதைச் சேமித்துப் படிக்கத் தரும் டவ்காட்டும் ஓடிக்கொண்டிருந்தன. குடும்பத்தில் ஆறு பேருக்கும் சொந்த டொமைனில் (எங்கள் பெயரில் பதிந்த இணையப் பெயரில்) மின்னஞ்சல் முகவரி. 2023 டிசம்பர் 4 அன்று, மிக்ஜாம் புயல் மழையில் வாசற்படி தாண்டித் தண்ணீர் வந்ததும், என் மனைவி முதலில் தூக்கிப் பரணில் வைத்தது அந்தப் பெட்டியைத்தான். மூன்று நாள் மின்சாரம் இல்லை. நல்லவேளையாக ஒரு கடிதமும் தொலையவில்லை. சேர வேண்டிய இடம் பதில் தராவிட்டால் அனுப்பும் சர்வர்கள் வழக்கமாக நான்கைந்து நாள் மீண்டும் மீண்டும் முயலும். மின்சாரம் இன்னும் இரண்டு நாள் தள்ளி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற பயத்தில்தான் கிளவுடுக்கு, அதாவது ஒரு நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்த சர்வருக்கு, மாற்ற முடிவெடுத்தேன்.

கடிதங்களை நகர்த்துவது எளிது. டொமைனுக்கு வரும் கடிதங்கள் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவின் டிடிஎல்லை, அதாவது பிறர் அதை நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, முன்கூட்டியே 300 விநாடிக்குக் குறைத்தேன். அஞ்சல் பெட்டிகளை நகலெடுக்கும் ஐமேப்சிங்க் 19 ஜிபியை இரண்டு இரவில் முடித்தது. அதற்குள் பழைய சர்வருக்கே வந்து சேர்ந்தவற்றுக்காக ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை ஓட்டினேன்.

அனுப்புவதில்தான் பாடுபட்டேன். புதிய சர்வரின் ஐபி எண்ணை (இணையத்தில் அதன் முகவரி எண்ணை) முன்பு வைத்திருந்தவர் செய்த வேலையால் அது ஸ்பாம் அனுப்புவோரின் தடைப்பட்டியலில் இருந்தது. குடிபோன வீட்டில் பழைய குடித்தனக்காரரின் கடன்காரர்கள் வந்து கதவைத் தட்டுவது போலத்தான். எண்ணை மாற்றி, சர்வர்கள் தமக்குள் கடிதம் அனுப்பும் 25ஆம் போர்ட்டைத் திறக்க விண்ணப்பித்து, ஐபி எண்ணுக்கு உரிய பெயரைச் சொல்லும் பிடிஆர் பதிவைச் சர்வர் பெயரோடு பொருத்தினேன். அப்போதும் அக்காவுக்குப் போனதெல்லாம் ஸ்பாமில் விழுந்தது. கடிதத்தின் கையொப்பம் எங்கள் டொமைனுடையதுதானா என்று பிறர் சரிபார்க்க டொமைன் பதிவில் இடும் 2048 பிட் டிகேஐஎம் சாவி, ஒரு துண்டுக்கான வரம்பான 255 எழுத்துக்குள் அடங்காது. அதை இரண்டு துண்டாக மேற்கோள் குறிக்குள் இட வேண்டும். நான் ஒரே வரியாக ஒட்டியதில் வால் அறுந்திருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு நாள் ஆயிற்று.

சரிசெய்த இரவு, மறைந்த அப்பா 2014இல் எழுதியதைப் புதிய இடத்தில் திறந்து பார்த்தேன். "அரிசி மூட்டை லாரியில் போட்டிருக்கிறேன். ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்." ஒரு எழுத்தும் சிதையாமல் இருந்தது.

மறுமொழி, மதுரையிலிருந்து:
நான் பாதியைத்தான் மாற்றினேன். கிளவுடில் உள்ள சிறிய சர்வர் கடிதங்களை வாங்கி, வயர்கார்டு என்ற மறையாக்கிய இணைப்பு வழியாக வீட்டுக்கு அனுப்புகிறது. வெளியே போவதும் அதன் வழியேதான். வீட்டில் மின்சாரம் போனால் அங்கேயே வரிசையில் காத்திருக்கும். போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக வைக்கும் 5 நாள் கெடுவை நான் 15 ஆக்கியிருக்கிறேன். கடிதங்கள் என் கூரையின் கீழ் இருப்பதே எனக்கு நிம்மதி.

மறுமொழி, கோவையிலிருந்து:
அப்பா மருத்துவமனையில் இருந்த மாதம் என் வங்கி அட்டை காலாவதியாகிவிட்டது. வாடகை கட்டாததால் சர்வரை அழித்துவிட்டார்கள். எச்சரிக்கைகளும் அதே சர்வரில் இருந்த முகவரிக்கே வந்திருக்கின்றன, நான் பார்க்கவில்லை. கட்டணக் கணக்குக்கு வேறொரு முகவரியைக் கொடுத்து வையுங்கள்.

வேளச்சேரி:
இப்போதே மாற்றிவிட்டேன், நன்றி. பரணில் இருந்த பழைய பெட்டியையும் இறக்கிவிட்டேன். இன்று இரவிலிருந்து கடிதங்களின் காப்பு நகல் அதில் ஏறும்.