ஒரு மென்பொருளில் செய்த டிசைனை இன்னொன்றுக்குக் கொண்டுபோனபோது உரிமச் சிக்கல் வந்ததா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தண்டையார்பேட்டை, டிசைனர்:
நானே தொடங்குகிறேன். எம்.சி. ரோட்டில் துணிக்கடை வைத்திருப்பவர் ஒருவர், தன் மகள் கேன்வா ப்ரோவில் (ஆன்லைன் டிசைன் தளத்தின் கட்டணச் சந்தா) செய்த லோகோவைக் கொண்டுவந்தார். மயில் படம், கீழே கடைப்பெயர். பொண்ணு நன்றாகவே செய்திருந்தாள். "இதக் கோரல் ஃபைலா மாத்திக் குடுங்க தம்பி. போர்டு, கட்டைப்பை, பில் புக்கு எல்லாத்துக்கும் இதுதான். டிரேட்மார்க்கும் எடுக்கப்போறேன்" என்றார்.

மாற்றுவது பெரிய வேலை இல்லை. எஸ்.வி.ஜி. என்ற வெக்டர் ஃபைலாக (எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத கோட்டுப்படம்) இறக்கிக் கோரல்டிரா என்ற டிசைன் மென்பொருளில் திறந்தால் மயில் தனியாகக் கழன்று வந்துவிடும். ஆனால் அந்த மயில் கேன்வாவின் படக் களஞ்சியத்தில் இருப்பது. நம் டிசைனுக்குள் வைத்து அச்சடிக்கலாம், கடைக்குப் பயன்படுத்தலாம். படத்தை மட்டும் பிரித்து ஃபைலாக அடுத்தவருக்குக் கொடுக்க உரிமம் இடம் தருவதில்லை. டிரேட்மார்க்காகப் பதியவும் கூடாது. அதே மயிலை மதுரையில் ஒரு கடைக்காரரும் போட்டிருக்கலாம், அவருக்கும் அதே உரிமை உண்டு. விண்ணப்பம் கிண்டியில் உள்ள டிரேட்மார்க் அலுவலகத்துக்குப் போக வேண்டும். ஆன்லைனில் போட்டாலும் தனிநபருக்கு ஒரு வகுப்புக்கு (பொருள் வகைக்கு) 4,500 ரூபாய். அதைக் கட்டிய பிறகு தெரிந்துகொள்வதைவிட இப்போதே தெரிவது நல்லது என்று எடுத்துச் சொன்னேன். மனிதர் முகம் வாடிவிட்டது, மகள் செய்தது ஆயிற்றே. அவள் போட்டிருந்த அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு மயிலை மட்டும் நான் புதிதாக வரைந்து தந்தேன். எழுத்துக்கு கூகுள் ஃபான்ட்ஸில் கிடைக்கும் கேட்டமரான் என்ற ஃபான்ட் (எழுத்துரு). அது எஸ்.ஐ.எல். ஓப்பன் ஃபான்ட் உரிமத்தில் வருவது. எந்த மென்பொருளிலும் போடலாம், ஃபைலோடு சேர்த்தும் கொடுக்கலாம். ஃபான்டை மட்டும் தனியாக விற்கக் கூடாது.

ராயபுரம், அச்சகம்:
எங்களுக்கு ஃபான்ட்தான் தலைவலி. ஒரு பள்ளியின் ஆண்டுமலர் வேலை. வெளியில் இருக்கும் டிசைனர் இன்டிசைன் (பக்க வடிவமைப்பு மென்பொருள்) ஃபைலை பேக்கேஜ் செய்து, அதாவது படம், ஃபான்ட் எல்லாம் ஒரே தொகுப்பாகச் சேர்த்து அனுப்பினார். திறந்தால் தலைப்பெல்லாம் ரோஸ் நிறப் பட்டை, ஃபான்ட் இல்லை என்பதற்கு அடையாளம். அவர் போட்டிருந்தது சந்தாவோடு கிடைக்கும் அடோபி ஃபான்ட்ஸ். அது பேக்கேஜில் சேராது, எங்களிடம் சந்தாவும் இல்லை. "எப்படியாவது அந்த ஃபான்ட எடுத்து அனுப்புங்க"ன்னு பள்ளியிலிருந்து அவருக்குப் போன்மேல போன். அவர் மறுத்தது சரிதான். சந்தா இல்லாதவருக்கு ஃபான்ட் ஃபைலைக் கொடுக்க அவருக்கு அனுமதி கிடையாது. பி.டி.எஃப்.புக்குள் பதித்து அனுப்பலாம், அதற்குத் தடையில்லை. அப்படித்தான் முடித்தோம். என்ன, கடைசி நேரத்தில் ஒரு எழுத்துப்பிழை வந்தாலும் திருத்தம் அவரிடம் போய்த்தான் வர வேண்டியிருந்தது. இப்போது வேலை எடுக்கும்போதே "கர்வ் செய்து (எழுத்தைக் கோட்டுப்படமாக மாற்றி) தருவீங்களா, திருத்தம் யார் பொறுப்பு?" என்று கேட்டுவிடுகிறோம்.

வியாசர்பாடி, டீ-ஷர்ட் பிரிண்டிங்:
நம்ம ஏரியா ஃபுட்பால் டீம் ஒன்று, ஜெர்சிக்குப் புலிப்படம் கேட்டார்கள். தம்பி ஒருத்தன் இலவச வெக்டர் தளத்தில் இறக்கியது. வரைந்தவர் பெயரைப் போட்டால்தான் இலவசம் என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது. ஜெர்சியில் எங்கே பெயர் போடுவது? அதோடு, டீமுக்குப் பணம் சேர்க்க டீ-ஷர்ட்டாக விற்கவும் யோசித்திருந்தார்கள். படமே பிரதானமாக இருக்கும் பொருளை விற்க, பல தளங்களில் தனி உரிமம் வாங்க வேண்டும். பசங்களிடம் விளக்கியதும் புரிந்துகொண்டார்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமத்தில் 'என்.சி.' (வணிகமல்லாத பயன்பாடு மட்டும்) என்று இருந்தாலும் விற்பனைக்கு ஆகாது.

எண்ணூர், மாணவி:
அண்ணா, ஒரு சந்தேகம். விண்டோஸில் இருக்கும் நிர்மலா யூஐ ஃபான்டை என் லினக்ஸ் கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்து இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் போடலாமா?

தண்டையார்பேட்டை, டிசைனர்:
வேண்டாம்மா. லதா, நிர்மலா எல்லாம் விண்டோஸோடு சேர்த்து உரிமம் பெற்றவை. அந்த விண்டோஸ் கம்ப்யூட்டரிலேயே போஸ்டர் செய்து அச்சடிக்கலாம். ஃபான்ட் ஃபைலை வேறு இடத்துக்குக் கொண்டுபோக அனுமதி இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை இருக்கின்றன, மூன்றும் ஓப்பன் ஃபான்ட் உரிமம்தான். காசு கொடுத்து வாங்கும் ஃபான்டாக இருந்தால் இன்னொன்றும் பார். அச்சுக்கான உரிமம், வெப்சைட்டுக்கான உரிமம், மொபைல் ஆப்புக்குள் வைக்க உரிமம் என்று பெரும்பாலும் தனித்தனியாகவே விற்பார்கள்.

பெரம்பூர், ஃப்ரீலான்சர்:
துணிக்கடைக்காரருக்கு மயில் வரைந்து தந்தீர்களே, உரிமையை எழுதிக் கொடுத்தீர்களா சார்? எனக்கு ஒரு கடையில் அதனால் பெரிய வாக்குவாதமே வந்தது. பணம் கொடுத்துவிட்டதால் எல்லாம் தங்களுடையது என்றார்கள்.

தண்டையார்பேட்டை, டிசைனர்:
கொடுத்தேன். 1957 பதிப்புரிமைச் சட்டம் 19-ஆவது பிரிவின்படி, உரிமை மாற்றம் எழுத்தில் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். அவர் சிங்கப்பூரில் இருக்கும் மச்சானுக்குச் சரக்கு அனுப்புகிறவர். அதனால் பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும், எல்லா நாடுகளுக்கும் என்று தெளிவாகவே எழுதினேன். மயில் நான் வரைந்தது, எழுத்து கேட்டமரான், அதன் உரிமம் இது என்று தனித்தாளில் போட்டு அதோடு இணைத்திருக்கிறேன். உங்களுக்கு அந்தப் பத்திரத்தின் மாதிரி வேண்டுமானால் கேளுங்கள், அனுப்புகிறேன்.