ஷார்க் வாங்கிட்டு வந்து நான் பட்ட பாடு (உங்க கதையும் சொல்லுங்க)

போன வருஷம் பையன் நச்சரிப்பு தாங்காம ஒரு ஞாயித்துக்கிழமை சென்னை கொளத்தூர் கலர் மீன் மார்க்கெட்டுக்கு போனேன். கோல்டு ஃபிஷ் வாங்கத்தான் போனது. ஒரு தொட்டில ரெண்டு இன்ச் சைஸ்ல, முதுகுத் துடுப்ப நிமித்திக்கிட்டு ஒரு கூட்டம் சுத்திட்டு இருந்துச்சு, பையன் "அப்பா சுறா"ன்னு கத்திட்டான், அவ்ளோதான், கோல்டு ஃபிஷ் கதை முடிஞ்சுது. ரெண்டு கருப்பு, ரெண்டு வெள்ளை. எவ்ளோ பெருசாகும்னு கேட்டதுக்கு "தொட்டிக்கு ஏத்த மாதிரி வளரும் சார்"னாரு கடைக்காரர். இந்த டயலாக்க நம்பி ஏமாந்தவங்க இங்க எத்தன பேரோ.

வீட்ல ரெண்டடி தொட்டி. அன்னைக்கே வாங்கி, அன்னைக்கே தண்ணி ரொப்பி, அன்னைக்கே மீனையும் விட்டாச்சு. லைட்ட போட்டேன் பாருங்க, நாலும் கண்ணாடில போய் டொம்முனு மோதி, ஒண்ணு மட்டும் மல்லாந்து அடியில கெடக்கு. பையன் அழ, நான் வலைய எடுத்துட்டு வந்து உள்ள விட்டதும் எழுந்து ஓடுது! செத்த மாதிரி கெடக்குறது இதுங்களுக்கு வழக்கமாம், பயந்தா தலதெறிக்க ஓடி மோதிக்கும், பார்வையும் கம்மி. லைட்ட அணைச்சு மூணு பக்கம் நியூஸ்பேப்பர் ஒட்டினதுக்கு அப்புறம்தான் அடங்குச்சு.

நான் பண்ண பெரிய தப்பு சாப்பாட்டுல. மொத நாள் எதுவும் போடாம விட்டிருக்கணும், பயத்துல இருக்கிற மீன் தின்னாது. நான் மேல மிதக்கிற ஃப்ளேக்ஸ தூவினேன், அதுங்க மேலயே வரல, பசிக்குமேன்னு இன்னும் கொஞ்சம், ராத்திரி இன்னும் கொஞ்சம். மூணாம் நாள் தண்ணி அரிசி கழுவின தண்ணி மாதிரி ஆயிடுச்சு. நாலாம் நாள் ஒரு வெள்ளை போயிடுச்சு, இந்த தடவ நடிப்பு இல்ல. மீன் கழிவு, மிச்ச சாப்பாட்டுல இருந்து வர்ற அமோனியாங்கிற விஷத்த உடைக்கிற பாக்டீரியா புது தொட்டில உருவாக நாலுல இருந்து ஆறு வாரம் ஆகும்னு அப்புறம்தான் படிச்சேன். கால்வாசி தண்ணி தினமும் மாத்தி, மெட்ரோ தண்ணில இருக்கிற குளோரின போக்க ஆன்ட்டி-குளோரின் டிராப்ஸ் விட்டு, சாப்பாட்ட அடியில போய் உக்கார்ற சின்ன பெல்லட்டா மாத்தி, ரெண்டு நிமிஷத்துல தீர்ற அளவுக்கு மட்டும் சாயங்காலம் வெளிச்சம் கொறஞ்சதும் போட்டேன். மிச்ச மூணும் பொழச்சுது.

———

உங்க கிட்ட இருக்கிறது ஷார்க்கே இல்லீங்க, கெளுத்தி ஜாதி. மீசைய பாருங்க தெரியும். மேகாங் ஆத்து மீனு, நாலடி வரைக்கும் போகுமுங்க.

நான் கோயமுத்தூருங்க. என்னுது ரெட் டெயில் ஷார்க், உடம்பெல்லாம் கருப்பு, வாலு மட்டும் செக்கச்செவேல்னு. அஞ்சாறு இன்ச்சுக்கு மேல வளராது, அந்த தொந்தரவு இல்லீங்க, ஆனா குணம் இருக்கே, அடேங்கப்பா. சின்னதுல சாதுவா இருந்துச்சு, எட்டு மாசம் கழிச்சு ஒரு கல்லு சந்த புடிச்சுகிட்டு பக்கத்துல எவன் வந்தாலும் வெரட்டல். துணைக்குன்னு இன்னொரு ரெட் டெயில் வாங்கி விட்டேன், அதான் நான் செஞ்ச முட்டாள்தனம், ரெண்டே நாள்ல புதுசு வாலு கிழிஞ்சு மூலையில ஒடுங்கிருச்சுங்க. ஒரு தொட்டிக்கு ஒண்ணுதான். கல்லையெல்லாம் எடம் மாத்தி வெச்சா கொஞ்ச நாளைக்கு கொட்டம் அடங்குது. வேகவெச்ச பச்சப்பட்டாணிய தோலுரிச்சு போடுங்க, நல்லா திங்குது.

———

நமக்கு நாகர்கோவில். நான் வாங்குனது சில்வர் ஷார்க், பாலா ஷார்க்னும் சொல்லுவாவ. மூணு வாங்குனேன், கடைல மூடி போடச் சொன்னாவ, நாளைக்கு வாங்கிக்கலாம்னு விட்டுட்டேன். ராத்திரி ரெண்டு மணிக்கு பொத்துன்னு ஒரு சத்தம், தேங்கா விழுந்திருக்கும்னு திரும்பிப் படுத்துட்டேன். காலைல பாத்தா ஃப்ரிட்ஜுக்கு அடியில கெடக்கு மக்கா, வீட்ல இருக்கவ இன்னும் அத சொல்லிக் காட்டுவா. இது கெண்டை ஜாதி, கூட்டமா இருந்தாத்தான் தைரியம், அஞ்சாறாவது வேணும், ஒவ்வொண்ணும் ஒரு அடிக்கு மேல போவும். அப்போ தொட்டி எவ்ளோ வேணும்னு நீங்களே கணக்கு போட்டுக்கிடுங்க.

———

எங்க வீட்டு பிரச்சனை மீன் இல்ல, மாமியார் 😄 புதுசா வாங்கின ஷார்க்குக்கு நான் காலைல போட்டுட்டு ஆபீஸ் போனா, அவங்க பாவம் வாயில்லா ஜீவன்னு பத்து மணிக்கு பிஸ்கட், மதியம் சோத்துப் பருக்கை. சொன்னா கோவம். கடைசில ஒரு மாத்திர டப்பால ஒரு நாளைக்கான பெல்லட்ட மட்டும் போட்டு "அத்தை, இது நீங்கதான் போடணும்"னு அவங்க கையிலயே குடுத்துட்டேன், அன்னையோட பிஸ்கட் நின்னுச்சு. இன்னொண்ணு, வெள்ளைப்புள்ளி நோய் வந்தா அண்ணா அந்த கெளுத்தி ஷார்க்குக்கு மருந்த பாட்டில்ல எழுதியிருக்கிற முழு அளவு ஊத்தாதீங்க, அதுக்கு செதில் கிடையாது, தாங்காது. நான் பாதி அளவுதான் விட்டேன், கூடவே நெறைய தண்ணி மாத்தினேன்.

———

நன்றிமா, அந்த டப்பா ஐடியா சூப்பர், எங்கம்மாகிட்ட ட்ரை பண்ணிருக்கலாம், இப்ப லேட்.

மிச்ச கதையையும் சொல்லிடறேன். மூணும் வருஷம் திரும்பறதுக்குள்ள முக்கா அடி தாண்டிடுச்சு, தொட்டில திரும்பக்கூட முடியல, மூக்கெல்லாம் மோதி மோதி புண்ணு. கடைல திருப்பி எடுத்துக்க மாட்டேன்னுட்டாங்க. ஏரில விட்டுடுன்னு பக்கத்து வீட்ல சொன்னாங்க, அது நம்ம ஊர் மீனே இல்ல, அதெல்லாம் கூடாதுன்னு விடல. திருவள்ளூர் பக்கம் சித்தப்பாவுக்கு ஒரு மீன் குட்டை இருக்கு, பெரிய டிரம்ல ஏர் பம்ப் போட்டு கொண்டு போய் விட்டுட்டு வந்தோம். சித்தப்பா பாத்துட்டு "டேய் இது பங்காஸ் தானடா, ஹோட்டல்ல பாசான்னு போடுவானே"ன்னாரு. பையன் காதுல விழுந்துடுச்சு. இப்ப எந்த ஹோட்டலுக்கு போனாலும் ஃபிஷ் ஃபிங்கர் ஆர்டர் பண்ண விட மாட்டேங்கறான், சர்வர்கிட்ட "அங்கிள், இது எந்த மீனு"ன்னு கேட்டு உயிர எடுக்கறான்.